முதுமைக்குத் துணை இயந்திரமா?

விஞ்ஞானத்தின் விந்தைகள் ஒன்றல்ல, இரண்டல்ல. மாவரைக்கவும் துணி துவைக்கவும் இயந்திரம் வந்தபோது நாம் மகிழ்ந்து வரவேற்றோம். ஆனால், முதியவர்களுக்குத் துணையாக இருக்கவும் இயந்திரம் வந்துவிட்டது என்று கேட்கும்போது மனம் சற்றே தயங்குகிறது. அத்தயக்கம் நியாயமானதுதானா என்பதை ஆராய்வோம்.

ஜப்பான் நாட்டில் இன்று நூறு பேரில் ஏறத்தாழ 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அவர்களைப் பராமரிக்கப் போதிய ஆட்கள் இல்லை. அந்நாட்டு விஞ்ஞானி டகனோரி ஷிபாடா 1993-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்ததே 'பாரோ' என்னும் ரோபோ. இது 2005-இல் விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்கு வெண்ணிற 'சீல்' என்னும் கடல்நாய்க் குட்டியைப் போல் இருக்கும். எடையோ ஒரு கைக்குழந்தையின் எடைதான். நாயாகவோ பூனையாகவோ செய்திருந்தால், மக்கள் தாம் வளர்த்த உயிருள்ள பிராணியோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள். கடல்நாயோடு பழகியவர்கள் மிகச் சிலரே. ஆகையால் அவ்வுருவம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அதன் மென்மயிருக்கு அடியில் தொடுகையை உணரும் கருவிகள் உள்ளன. ஒளியையும் ஒலியையும் அது அறியும். தடவிக் கொடுத்தால் கண்ணை இமைக்கும், தலையைத் திருப்பும், குட்டியைப் போலவே குரல் கொடுக்கும். வைத்த பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழைத்தால் அப்பெயரையும் கற்றுக்கொள்ளும்.

இதனால் பயன் உண்டா? அமெரிக்க அரசு 2009-இல் இதனை மருத்துவக் கருவியாக ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் 28 முதியோர் இல்லங்களில், மறதி நோயால் வருந்தும் 415 பேரிடம் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் வெளிவந்தது. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, பாரோவோடு பழகியவர்களிடம் மகிழ்ச்சி கூடியும் மனக்கொந்தளிப்பு குறைந்தும் காணப்பட்டன. ஆனால், இயக்கத்தை நிறுத்திவிட்டு வெறும் பொம்மையாகக் கொடுத்த பாரோவும் ஓரளவு பயன் தந்தது. இயங்கும் பாரோவின் சிறப்பு, முதியவர்களை அதிகம் பேசவும் உற்றுநோக்கவும் தூண்டியதே.

எனினும் எதிர்ப்பும் சிறிதன்று. ஐரோப்பிய நாடுகளில் 2012-இல் எடுத்த கருத்துக் கணிப்பில், குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர் ஆகியோரின் பராமரிப்பில் ரோபோவைத் தடை செய்ய வேண்டும் என்று நூற்றுக்கு 60 பேர் கூறினர். உயிரில்லாததை உயிருள்ளதென நம்பச் செய்வது முதியவர்களை ஏமாற்றுவதாகாதா என்பது அறிஞர் சிலரின் கேள்வி.

அமெரிக்கப் பேராசிரியை ஷெர்ரி டர்க்கிள் 2011-இல் வெளியிட்ட நூலில் ஒரு மூதாட்டியைப் பற்றி எழுதியுள்ளார். மகன் உறவை முறித்துக்கொண்ட துயரில் இருந்த அம்மூதாட்டி, பாரோவும் வருந்துவதாக எண்ணி, அதைத் தடவித் தேற்றினாராம். இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறுதல் தேவைப்பட்டவரே ஆறுதல் கூறினார்! முதுமையின் பசி, அன்பைப் பெறுவது மட்டுமன்று. அன்பைக் கொடுப்பதும் ஆகும். கொடுக்கும் அன்பை வாங்கிக்கொள்ள இயந்திரத்துக்கு இதயம் இல்லையே!

அப்படியானால் பாரோவை விலக்கிவிடலாமா? வேண்டியதில்லை. மறதி நோயால் கலங்கும் ஒருவரை அது அமைதிப்படுத்தினால், அதைப் பறிப்பது இரக்கமாகாது. அதை மடியில் வைத்துப் பக்கத்தில் அமர்ந்து பேச ஒருவர் இருந்தால் அது உறவுக்குப் பாலம். அதை மடியில் வைத்துவிட்டு நாம் எழுந்து போய்விட்டால் அது நம் கடமைக்குப் போட்ட திரை. வேறுபாடு கருவியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டில் 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வையிழந்த ஏழை மூதாட்டி ஒருவருக்குத் தம் படுக்கையையே கொடுத்தார் புனித ழான் ஜுகான். அதிலிருந்தே முதியோரைப் பேணும் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை முளைத்தது. படுக்கையை எவரும் விலைக்கு வாங்கித் தரலாம். தம்முடையதைத் தருவதே அன்பு. நம்மிடம் உள்ளது நேரம். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 முதல் ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர் தினமாக ஏற்படுத்தினார். நான்காம் கட்டளையைக் கற்ற நாம் அந்த ஒரு ஞாயிறு வரை காத்திராமல், பாட்டி பத்தாம் முறையாகச் சொல்லும் பழங்கதையை இன்று மாலையே அமர்ந்து கேட்போமா?