பயறுவகைத் தீவனப் பயிர்களின் வறட்சி தாங்கும் திறன்

பயறுவகைத் தீவனப் பயிர்கள் என்பவை கால்நடைகளுக்கு உணவாகும் அவரைக் குடும்பத் தாவரங்கள் ஆகும். மண்ணில் ஈரம் குறையும்போது இவை இரு வழிகளில் ஈடுகொடுக்கின்றன.

வறட்சிக்கு முந்துதல்

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்து, பச்சைப்பயறு விதைகள் தூவப்படுகின்றன. வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே இவை வளர்ந்து, கோடை முற்றுமுன் முதிர்ந்துவிடுகின்றன. பயறு மனிதருக்கும், கொடி மாட்டுக்கும் பயன்படுகின்றன.

வறட்சியைத் தாங்குதல்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் வேளாங்கண்ணி போன்ற கடலோரப் பகுதிகளின் மணற்பாங்கான மண்ணில் நீர் தங்குவதில்லை. மேல்மண் விரைவில் காய்ந்துவிடும். உவர்ப்பற்ற இத்தகைய நிலத்துக்குப் பல்லாண்டுப் பயிரான முயல் மசால் ஏற்றது. அதன் ஆழமான வேர் அடிமண்ணின் ஈரத்தை எடுக்கிறது. கடினமான விதையுறை, நீர் புகும்படி இளகும்வரை முளைப்பைத் தள்ளிப்போடுகிறது. தட்டைப்பயறு இலைத்துளைகளை மூடி நீரிழப்பைக் குறைக்கிறது. சிற்றிலைகளின் விளிம்பு வெயிலை நோக்கும்படித் திருப்பி வெப்பத்தையும் தவிர்க்கிறது.

வரம்புகள்

பயிர் பிழைப்பதும் தீவனம் கிடைப்பதும் ஒன்றல்ல. கடும் வறட்சியில் செடி இலைகளை உதிர்க்கிறது. புரதம் மிகுதியாக இருப்பது இலையில்தான். மண் காயும்போது வேர் முடிச்சுகளில் நைட்ரசன் நிலைப்படுத்தலும் குறைகிறது. அந்நிலையில் அடியோடு அறுத்தாலோ, தொடர்ந்து மேயவிட்டாலோ அடுத்த மழைக்குத் துளிர்க்கும் வலிமையைச் செடி இழந்துவிடும்.