கூண்டுப் பறவைக்குத் தோட்டத்துப் பொருளில் விளையாட்டுச் சாமான்

கிளியினப் பறவைகளின் அலகு ஆயுள் முழுவதும் வளரும். கொறிக்க ஏதுமில்லாவிடில் அவை கூண்டுக் கம்பியைக் கடிக்கும். தம் இறகையே பிடுங்குவதும் உண்டு. எனவே விளையாட்டுச் சாமான் அவசியம். நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்குக் கூறுவன 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் அழைக்கும் ஆஸ்திரேலியப் பட்ஜரிகர் போன்றவற்றுக்கே.

ஏற்றவை

முத்து உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க்கட்டை, தேங்காய்த் தொட்டி, பனையோலை, வேப்பங்குச்சி ஆகியவை போதும். குச்சிகளைக் கழுவி, கொதிநீரில் இட்டு, வெயிலில் நன்கு உலர்த்துங்கள். தொட்டியின் விளிம்பை மழமழவென்று தேய்த்துவிடுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அத்தகைய பொருளை உடனே அகற்றுங்கள்.

ஆகாதவை

1. அரளி, எருக்கு: இவற்றின் நஞ்சு இதயத்தைத் தாக்கும்.

2. ஆமணக்கு விதை, மருந்திட்டு நேர்த்தி செய்த விதை.

3. பூச்சிமருந்து தெளித்த பருத்திமார், மருந்து வந்த டப்பாக்கள்.

4. துத்தநாக முலாம் பூசிய வேலிக்கம்பி, ஈயக்குண்டு, பழைய பெயின்ட் மரம்: பறவை சுரண்டி விழுங்கினால் உலோகம் உடலில் சேர்ந்து நஞ்சாகும்.

5. சாக்குப்பையின் நைலான் நூல்: காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

தொங்கவிடத் துருப்பிடிக்காத எவர்சில்வர் கொக்கியே நன்று. வாரம் ஒருமுறை சாமான்களைச் சோதியுங்கள். பறவை வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து தள்ளாடினாலோ, கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல், கடித்த பொருளையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.