‘தேயிலை’யில் இடம்மாறிய கொம்பு: சிறு கணினியில் நிரல் நூலகம் ஏறாமை குறித்து

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அம்மலையின் தோட்டப் பள்ளியொன்றில் சொல்லட்டைகள் ஆயத்தம் செய்வதற்காக ராஸ்பெரி பை 4 என்னும் உள்ளங்கை அளவுக் கணினியை நாம் அமைத்தோம். பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரல், பில்லோ என்னும் மென்பொருள் தொகுப்பின் துணையால் சொற்களைப் படமாக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றவில்லை. ஆயினும் ‘தேயிலை’ என்னும் சொல் சிதைந்து வெளிவந்தது. தகரத்தின் முன் நிற்க வேண்டிய ஏகாரக் கொம்பு பின்னே சென்று யகரத்தைப் பற்றியது. லகரத்திற்குரிய ஐகாரக் குறி சொல்லின் இறுதியில் தனித்து நின்றது. முதலாம் ஆண்டு மாணவர்கள் அதனைக் கண்டவாறே எழுதினர்.

எழுத்துருவே பழுதென ஆசிரியர்கள் கருதினர். நாமும் எழுத்துருக்களை மாற்றி மாற்றி ஒரு பிற்பகலை வீணாக்கினோம்.

ஒருங்குறியில் தகரம் முதலிலும் ஏகாரக் குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. உயிர்மெய்யில் மெய்யை அடுத்தே உயிர் ஒலிக்கும் என்னும் தொல்காப்பிய நெறிக்கு இது பொருந்துவதே. குறியைத் திரையில் முன்னே நகர்த்துவது ஹார்ப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நூலகத்தின் பணி. பில்லோ அதனை ராக்ம் என்னும் மற்றொரு நூலகத்தின் வழியாக அணுகுகிறது. 2021இல் வெளிவந்த 8.2ஆம் பதிப்பு முதல், பில்லோவின் ஆயத்தத் தொகுப்புகளில் ராக்ம் உடன் வருகிறது. ஆனால் அதற்குத் தேவையான ஃபிரிபிடி, நிரல் இயங்கும் வேளையில் இயங்குதளத்தில் தேடப்படுகிறது. ஃபிரிபிடியோ அரபு, ஜாவி போன்று வலமிருந்து இடமாக எழுதப்படும் எழுத்துகளுக்கானது. ஜாவிக்குரிய நூலகம் இல்லாமையால் தமிழ் சிதைந்தது! அது கிடைக்காவிடில் பில்லோ எவ்வித எச்சரிக்கையுமின்றி எளிய அமைப்பு முறைக்குத் திரும்பிவிடும். திரைச்சூழல் இல்லாத சுருங்கிய இயங்குதளத்தை நாம் நிறுவியிருந்தமையால் ஃபிரிபிடி அங்கு இல்லை.

தோட்டத்தில் இணையம் நலிந்திருந்தது. எனவே அதே வகைக் கணினி மற்றொன்றிலிருந்து அந்நூலகக் கோப்பைப் பென்டிரைவில் படியெடுத்து வந்தோம். பயனில்லை. அதனைத் தனியே ஏற்றிப் பார்த்த பின்னரே, கோப்பு 32 பிட், நம் இயங்குதளம் 64 பிட் என்பது புலனாயிற்று. இரு கணினிகளிலும் ‘யூநேம்’ கட்டளை 64 பிட் என்றே காட்டியிருந்தது. அது கருநிரலை மட்டுமே குறிப்பது. 2023 முதல் ராஸ்பெரி பை 4இல் 32 பிட் இயங்குதளமும் 64 பிட் கருநிரலுடன் தொடங்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி ‘டிபிகேஜி’ கட்டளையிடம் உள்ளது: இயங்குதளத்தின் கட்டமைப்பு ‘ஆர்ம்64’ஆ, ‘ஆர்ம்எச்எஃப்’ஆ? சார்பு நூலகங்களைப் பட்டியலிடும் ‘எல்டிடி’ இங்கு உதவாது. இயங்கும் வேளையில் தேடப்படுபவை அப்பட்டியலில் வாரா.

உரிய கட்டமைப்புக்கான ஃபிரிபிடி பொதியை நகரில் பதிவிறக்கி வந்து நிறுவியதும் கொம்பு தகரத்தின் முன் வந்து நின்றது. இப்போது நம் நிரலின் முதல் வரி, ராக்ம் இயங்குகிறதா எனப் பில்லோவையே வினவுகிறது. விடை ‘இல்லை’ எனின் அட்டை அச்சாகாது.