கதாநாயகனை ஏன் கட்டிப்போடுகிறார்கள்?

இயக்குநர் பி. ஆர். பந்துலு ஆறே ஆண்டுகளில் மூன்று நாயகர்களைச் சிறையில் தள்ளினார். 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கயத்தாற்றுத் தூக்குக் கயிற்றில் முடிந்தது. 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ வ.உ.சி.யைச் சிறையில் செக்கிழுக்க வைத்தது. 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் மருத்துவன் மணிமாறன் அடிமையாகக் கப்பலேற்றப்பட்டுத் தீவில் விற்கப்பட்டான். முதல் இரண்டில் சிவாஜி, மூன்றாவதில் எம்ஜிஆர். தமிழ்ச் சினிமாவின் இரு பெரும் நட்சத்திரங்களையும் விலங்கு பூட்டிக் காட்டியும், வசூலில் தோற்ற ‘கப்பலோட்டிய தமிழன்’ தவிர, மற்ற இரண்டு படங்களும் ஓடின. விலங்கு பூட்டிக் காட்டியதாலும் ஓடின என்பது என் எண்ணம்.

நாயகன் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் சனம் காசு கொடுத்துக் கொட்டகைக்குள் வருகிறது. அப்படியிருக்க, பாதிக் கதையில் அவன் கையைக் கட்டி, வில்லன் காலடியில் மண்டியிட வைக்கும் துணிச்சல் கதை சொல்பவருக்கு எங்கிருந்து வருகிறது? சினிமா, சித்திரக்கதை, கார்ட்டூன் மூன்றிலும் இது நூற்றுக்கணக்கான முறை நடந்திருக்கிறது. இனியும் நடக்கும். கதைத் தொழிலில் இதற்கு நான்கு தெளிவான வேலைகள் உண்டு.

முதல் வேலை, எதிரியின் வீட்டுக்குள் நுழைவது. சுந்தர காண்டத்தில் அனுமன் செய்வது அதுதான். சீதையைப் பார்த்தாயிற்று, சேதி சொல்லியாயிற்று, திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ராவணனை நேரில் பார்க்க வேண்டும், அவன் சபையின் பலத்தை அளக்க வேண்டும். இந்திரஜித்தின் பிரமாஸ்திரம் அனுமனைக் கட்டுகிறது. வால்மீகி இங்கே ஒரு நுட்பம் வைக்கிறார். அஸ்திரம் போதாதென்று அரக்கர்கள் சணல் கயிறும் மரப்பட்டையும் கொண்டு மேலும் இறுக்குகிறார்கள். வேறொரு கட்டு விழுந்ததும் பிரமாஸ்திரத்தின் கட்டு தானாகவே விலகிவிடுகிறது. அது இந்திரஜித்துக்குத் தெரிகிறது. சுற்றி நின்று ஆரவாரம் செய்யும் அரக்கர்களுக்குத் தெரியவில்லை. அனுமன் எதிர்க்காமல் கட்டோடே சபைக்குள் போகிறான். கைதியாகப் போனவன் எதிரியின் கோட்டையை வேவு பார்த்துவிட்டு, ஊரையும் எரித்துவிட்டு வருகிறான். பிற்காலத்தில் எத்தனையோ துப்பறியும் கதைகளில் நாயகன் வேண்டுமென்றே பிடிபடுவதன் மூலச்சட்டம் இந்தக் காட்சியில் முழுமையாக இருக்கிறது.

இரண்டாவது வேலை, வில்லனைப் பேச வைப்பது. சண்டையில் வில்லனுக்குப் பேச நேரம் கிடையாது. நாயகன் கட்டுண்டு கிடக்கும்போதுதான் அவன் தன் திட்டத்தையும் ஆசையையும் பயத்தையும் வாய்விட்டுச் சொல்வான். அந்தப் பேச்சு உண்மையில் நமக்காகப் பேசப்படுவது.

மூன்றாவது வேலை கொஞ்சம் சிக்கலானது. எல்லாம் வல்ல நாயகனைப் படைத்துவிட்டால் எழுத்தாளருக்கே அவன் தொல்லையாகிவிடுவான். குண்டு துளைக்காது, இரும்பை வளைப்பான், பறப்பான் என்றால் அவனைப் பற்றி யாருக்கு என்ன கவலை? சூப்பர்மேன் சித்திரக்கதையில் தோன்றியது 1938-இல். அவனை முடக்கும் கிரிப்டோனைட் கல் 1943-இல் வானொலித் தொடரில்தான் முதலில் வந்தது. 1949-இல் சித்திரக்கதைக்குள்ளும் நுழைந்தது. ஆண் ஒருவன் கைக்காப்புகளைச் சேர்த்துப் பிணைத்தால் பலம் போய்விடும் என்று வொண்டர் உமனுக்கு ஒரு விதி இருந்தது. விவிலியத்துச் சிம்சோனுக்குத் தலைமுடி. பலத்தைப் படைத்த கையே அதைப் பூட்டும் சாவியையும் படைக்க வேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் இரும்புக்கை மாயாவி. லூயிஸ் கிராண்டேல் என்ற இந்தப் பாத்திரம் 1962-இல் இங்கிலாந்தின் வாலியண்ட் வார இதழில் பிறந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவருடையதுதான். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துவிடுவார், ஆனால் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்து கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து உடல் மறுபடி வெளியே தெரிந்துவிடும். இந்த மூன்று விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். அவரைப் பிடிக்க வேண்டுமா? மிதக்கும் கையைக் கவனித்தால் போதும். அடைத்து வைக்க வேண்டுமா? மின்கம்பி எட்டாத அறை வேண்டும். அவர் தப்ப வேண்டுமா? எங்காவது ஒரு விளக்கோ, அறுந்த கம்பியோ தென்பட வேண்டும். சிறை எப்படி, தப்பிப்பது எப்படி இரண்டுமே நாயகனின் குணத்திலிருந்து தானாகக் கிளைக்கின்றன. நல்ல சிறைக்காட்சியின் இலக்கணம் இதுதான். யாருக்கும் பொருந்தும் பொதுச் சிறை என்றால் கதை அங்கேயே தொய்ந்துவிடும்.

நான்காவது வேலை, அடுத்த பகுதிக்காகக் காத்திருக்க வைப்பது. தொடர்கதைக்காரர்களுக்கு இந்த உத்தி சோறு போட்டது. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘பேட்மேன்’ வாரம் இரண்டு இரவு ஓடியது. முதல் இரவு நாயகன் பொறியில் மாட்டுவான், அடுத்த இரவு தப்புவான். நம் பக்கத்தில் 1960-இல் ‘தினத்தந்தி’ தொடங்கிய ‘கன்னித்தீவு’ சிந்துபாத்தைத் தினம் ஒரு சிக்கலில் மாட்டிவிட்டுப் பல தலைமுறைகளைக் காலையில் பத்திரிகையைத் திறக்க வைத்தது.

இனி, காட்சியை உருவாக்கும் கைவேலை. படப்பிடிப்பில் பூட்டும் சங்கிலி பெரும்பாலும் கனமில்லாத பொருளில் செய்து இரும்பு நிறம் பூசியது. நடிகரின் மணிக்கட்டில் தோல் உரியாமலிருக்க உள்ளே பஞ்சோ துணியோ வைப்பார்கள். கயிற்றுக் கட்டு என்றால், அவசரத்துக்கு ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சு போட வேண்டும். நாம் கேட்கும் சங்கிலிச் சத்தம் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்ப்பது. அந்தச் சத்தத்தில்தான் கனம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், பத்து ராத்தல் இரும்பு தரையில் இழுபடுவதுபோல் இருக்கும்.

கையால் வரையும் கார்ட்டூனில் இது இன்னும் கடினம். ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 ஓவியம் வேண்டும். நாற்பது கண்ணி உள்ள சங்கிலி அசைந்தால் ஒரு வினாடிக்கு 480 கண்ணிகளை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். அதனால்தான் பழைய கார்ட்டூன்களில் கைதியைத் தடித்த கயிற்றால் கழுத்திலிருந்து கால்வரை சுற்றிவிடுவார்கள், வரைவது சுலபம். ஆனால் கை, கால், இடுப்பு எதுவும் அசையாதபோது நடிப்பு முழுவதும் கண்ணுக்கும் புருவத்துக்கும் தோளுக்கும் வந்துவிடுகிறது. கட்டுண்ட பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவர் எந்தப் பாத்திரத்தையும் வரைந்துவிடுவார்.

விடுதலைக் காட்சிக்கு ஒரு நேர்மை வேண்டும். தப்பிக்க உதவும் பொருளோ ஆளோ முன்பே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் கூரையிலிருந்து குதிக்கும் நண்பனைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019) இந்த இடத்தில் சிறப்பு. பத்து ஆண்டுச் சிறை முடிந்து மகளைப் பார்க்கப் போகும் நாயகன் டில்லியைப் போலீசார் மறுபடி பிடித்து வைக்கிறார்கள். ஆனால் போலீஸ் அதிகாரிக்கோ கையில் காயம், லாரி ஓட்ட ஆள் இல்லை. பிடித்தவருக்கே பிடிபட்டவன் தேவைப்படுகிறான். அந்த ஒரு தேவையில்தான் இரவு முழுவதும் நடக்கும் கதை நிற்கிறது.

‘ஆயிரத்தில் ஒருவன்’ வேறொரு வழியில் போனது. அங்கே மணிமாறன் தனியாகத் தப்பவில்லை. கூட அடிமைப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டே எழுகிறான். மலாக்காத் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டி எம்ஜிஆர் படம் காட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் சிலரின் பாட்டன் பூட்டன்மார் சஞ்சியில், அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, கப்பலேறி வந்தவர்கள். மலாயாவில் சஞ்சி முறை ஒழிந்தது 1910-இல். கடல் தாண்டிக் கொண்டுபோய் ஒரு முதலாளியிடம் ஒப்படைப்பதும், கூட்டமாக நிறுத்தி வேலை வாங்குவதும், விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்ற அந்த மக்களுக்கு ராஜா ராணிக் கதையாகத் தோன்றியிருக்காது. திரையில் விலங்கு அறுந்தபோது திடலில் எழுந்த கைதட்டலுக்கு எம்ஜிஆர் மட்டும் காரணமில்லை.

மலாக்காவின் சுங்கை ஊடாங்கில் இருப்பவர்களுக்குச் சிறையும் காவலும் கதையில் மட்டும் வருவன அல்ல. சிறைச்சாலை அங்கேயே இருக்கிறது, தெரெண்டாக் ராணுவ முகாம் பக்கத்திலேயே இருக்கிறது. 2016-இல் வந்த ‘கபாலி’ படத்தின் சில பகுதிகளை மலாக்காவில் எடுத்தார்கள். 25 ஆண்டு கழித்துச் சிறையிலிருந்து நாயகன் வெளிவருவதில் அந்தக் கதை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பார்த்தவர்களுக்கு அதன் முடிவு ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு திறந்தே நின்றது. மலேசியாவில் ஓடிய பிரதியிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டார்கள். ஒரே நாயகன், ஒரே படம். எல்லை தாண்டியதும் கைதியாகிவிட்டார். சிறைபடுவதன் பொருளைத் தீர்மானிப்பவர் யார் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் எடுத்துக்காட்டு கிடைக்காது.

மலாக்காவின் பழைய வரலாறும் இதையே சொல்கிறது. 1509-இல் போர்த்துக்கீசியத் தளபதி தியோகோ லோப்பஸ் டி செக்கேராவின் கப்பல்கள் இங்கே வந்தன. மோதல் மூண்டு, ருய் டி அராவ்ஜோ உட்படப் போர்த்துக்கீசியர் சிலர் மலாக்கா சுல்தானிடம் சிறைப்பட்டார்கள். அவர்களுக்கு உதவியவர் நைனா சட்டு என்ற தமிழ் வணிகர். அவர் துணையோடு அராவ்ஜோவின் கடிதம் கடல் கடந்து போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகர்க்கிடம் போய்ச் சேர்ந்தது. நகரின் நிலவரம் அதில் இருந்தது. 1511-இல் அல்புகர்க் கப்பற்படையோடு வந்து மலாக்காவைப் பிடித்தார். நைனா சட்டுவுக்குப் பெண்டஹாரா என்ற உயர்பதவி கிடைத்தது. அனுமன் செய்த அதே வேலை, கைதியாக உள்ளே இருந்து கோட்டையை அளப்பது. போர்த்துக்கீசியர் எழுதிய வரலாற்றில் அராவ்ஜோ துன்பம் தாங்கிய வீரர். மலாக்காவின் கண்ணில் அவர் ஒற்றர். கதை யார் கையில் இருக்கிறதோ, அவர்களுடைய ஆள் நாயகனாகிறார்.

1957-இல் டேவிட் லீன் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ நாயகன் சிறைப்படும் படங்களில் உலகப் புகழ் பெற்றது. ஏழு ஆஸ்கர் விருதுகள். கர்னல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ், கொதிக்கும் தகரக் கூண்டில் அடைபட்டும் பணியாமல் வெளியே நடந்து வருவார். நடிப்பில் அந்தக் காட்சிக்கு நிகர் குறைவு. ஆனால் அந்தச் சயாம்–பர்மா ரயில்பாதையை, 415 கிலோமீட்டர் தூரம், 1942-க்கும் 1943-க்கும் இடையில் ஜப்பானியர் போட்டபோது உழைத்துச் செத்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும் அல்லர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். கூலி தருவதாகச் சொல்லிச் சிலரை, லயத்து வீடுகளிலிருந்தே வளைத்துப் பலரை. இலவசமாகப் படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி ரயிலேற்றிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. நேச நாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தமிழரில் பெரும்பாலானோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. டேவிட் லீனின் படத்திலும் அவர்கள் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலில் அவர்களை எழுதினார். அந்த நூலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

சிறைப்பட்ட நாயகனுக்குத் தேவையான எல்லாம் அந்த வரலாற்றில் இருக்கிறது. ஏமாற்றி அழைத்த கொட்டகை, ஆளை விழுங்கும் காடு, பக்கத்தில் விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு நடந்த சகத் தொழிலாளி, உயிரோடு திரும்பி வந்தும் பேச முடியாமல் போனவர்கள். வாணமோ மந்திரமோ கூட்ட வேண்டியதில்லை. மலாக்காவிலும் மற்ற மாநிலங்களிலும் படம் வரையவும் அசைவூட்டம் செய்யவும் கற்றுக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த சித்திரக்கதைக்கு நாயகன் தேடும்போது சயாமுக்குப் போன ஒரு பால்மரத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒருவர் போயிருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள்.