வீட்டிற்கு வரும் புதிய மின்சார மீட்டர்: குடியானவர்கள் அறியவேண்டியவை

வீடுகளிலுள்ள மின்சார மீட்டர்களை எடுத்துவிட்டு, செலவான யூனிட்டுகளின் கணக்கைத் தாமே தூரத்திலுள்ள அலுவலகத்திற்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்களை அமைக்கவேண்டும் என்பது இந்திய சர்க்காரின் திட்டம். 2021-ஆம் வருடம் ஜூன் 30-ந் தேதி மத்திய மந்திரிசபை ஒப்புக்கொண்ட மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தின் மொத்த மதிப்பு ரூ.3,03,758 கோடி. அதில் தேசமெங்கும் 25 கோடி மீட்டர்கள் வைப்பதென்று கணக்கிடப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் சென்னைத் தியாகராய நகரில் இலட்சத்திற்கு மேற்பட்ட இணைப்புகளில் இவை வைத்துப் பார்க்கப்பட்டன. பின்னர் 82 இலட்சம் மீட்டர்களுக்குக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி, குறைந்த விலை குறித்தவரின் விலையும் மிகுதியே என்ற காரணத்தால், 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. ஒப்பந்தப்புள்ளிதான் ரத்தாயிற்றேயன்றித் திட்டம் ரத்தாகவில்லை. ஆகவே கடலூர், சிதம்பரம் பக்கத்து மிராசுதாரர்களும், அவர்கள் யோசனை கேட்டு வரும் கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும் இம்மீட்டரைப்பற்றி முன்னதாகவே அறிந்திருப்பது நலம்.

பழைய மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு சுழல்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மின்சாரம் ஓடும் அளவுக்குத் தக்கபடி அத்தட்டு சுழன்று எண் சக்கரங்களைத் தள்ளும். அதற்குப்பின் வந்த மின்னணு மீட்டரில் தட்டு இல்லை; சிறு சிவப்பு விளக்கு துடிக்கும். ஸ்மார்ட் மீட்டர் என்பது இந்த மின்னணு மீட்டரே. இதனுடன் இரண்டு உறுப்புகள் கூடுதலாகச் சேர்ந்துள்ளன. ஒன்று, கைப்பேசியில் உள்ளது போன்ற சிம்மின் மூலமோ, பக்கத்து மீட்டர்களோடு வானொலி அலையால் பேசியோ கணக்கை அனுப்பும் கருவி. மற்றொன்று, அலுவலகத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் மறுபடி கொடுக்கவும் வல்ல சுவிட்சு. அளக்கும் பகுதியைப்பற்றியே ஜனங்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். உண்மையில் அதிகக் கவனத்திற்கு உரியது அந்தச் சுவிட்சே என்பது எமது அபிப்பிராயம்.

முதலில் அளவைப்பற்றிக் கூறுவோம். புதிய மீட்டர் வைத்ததும் பில் ஏறிவிட்டது என்னும் முறையீடு பீகாரிலும், 2024 மே மாதத்தில் குஜராத்தின் வடோதராவிலும் பலமாக எழுந்தது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். பல வருடம் ஓடித் தேய்ந்த தட்டு மீட்டர் மெதுவாகச் சுழன்று குறைவாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதை மாற்றியதும் சரியான கணக்கு அதிகமாகத் தோன்றும். இரண்டாவது, மீட்டரே பழுதாயிருத்தல். இது அரிதேயாயினும் இல்லாததன்று. மூன்றாவது காரணத்தை நம் கிராமங்களில் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். மின்னணு மீட்டர்கள், வீட்டினுள் போகும் பேஸ் கம்பியிலும் திரும்பி வரும் நியூட்ரல் கம்பியிலும் ஓடும் மின்சாரத்தைத் தனித்தனியே பார்த்து, எது அதிகமோ அதையே கணக்கில் கொள்ளுமாறு செய்யப்பட்டவை. திருட்டைத் தடுக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் பாகப்பிரிவினை ஆன வீட்டில் அண்ணனுக்கு ஓர் இணைப்பும் தம்பிக்கு ஓர் இணைப்பும் இருந்து, நியூட்ரல் கம்பிமட்டும் பழையபடி பொதுவாயிருந்தால், தம்பி வீட்டு மின்சாரம் அண்ணன் மீட்டர் வழியே திரும்பக்கூடும். அப்போது அண்ணன் தம் வீட்டில் விளக்கேற்றாதபோதும் அவருடைய மீட்டர் ஓடும். மாட்டுக்கொட்டகைக்கும் களத்து விளக்குக்கும் அவ்வப்போது இழுத்த கம்பிகளிலும் இவ்விதமான கலப்பு நேரிடுவதுண்டு. புதிய மீட்டர் வருமுன் தேர்ந்த வயர்மேனைக் கொண்டு இதனைச் சோதித்துப் பிரித்துவிடுவது சிறிய செலவு. செய்யாமல் விட்டால் சகோதரர்களுக்குள் மனஸ்தாபம் வரவும் இடமுண்டு.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்ற எண் அச்சிட்டிருக்கும். அது 3200 என்று கொள்வோம். மெயின் சுவிட்சை அணைத்தபின் சிவப்பு விளக்கு ஒரு முறையும் துடிக்கலாகாது. துடித்தால் மீட்டரில் குறையுண்டு, அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் இடையே யாரோ கம்பி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். மெயினைப் போட்டு மற்றெல்லாச் சுவிட்சுகளையும் அணைத்திருக்கும்போது துடித்தால், சுவரினுள் கசிவு இருக்கிறது. பிறகு 750 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றைமட்டும் போட்டு, அது காய்ந்துகொண்டிருக்கையில் ஒரு நிமிஷம் எண்ணவேண்டும். 40 துடிப்பு வருவது சரி. நம் கிராமங்களில் மாலை வேளையில் வோல்டேஜ் தாழ்ந்திருப்பதால் 30 அல்லது 35 வந்தாலும் குறையன்று. ஏனெனில் வோல்டேஜ் குறைந்தால் பெட்டி இழுப்பதும் குறையும். ஐம்பதைத் தாண்டினால் எழுத்துமூலம் முறையிடவேண்டியதுதான். நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் உற்பத்தி செய்துவரும் ஜில்லாவிலேயே, மீட்டரின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை குறைவாயிருப்பது விந்தைதான்.

மீட்டர் சரியாயிருந்தும் பில் ஏறும் வழி ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கெடுக்கப்பட்டு, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் படிநிலை முறையில் வசூலிக்கப்பட்டு வந்துள்ளது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தைக்கொண்டு பார்ப்போம். (அதன்பின் விகிதங்கள் உயர்ந்துள்ளன, கணக்கின் தன்மை விளங்குவதற்கே இதைக் கூறுகிறோம்.) இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டிற்கு, முதல் 100 யூனிட் இலவசம் போக, ரூ.1,725 ஆயிற்று. அதே வீட்டில் 510 யூனிட் ஆனால், சலுகைப் படிகள் மறைந்து ரூ.2,030 ஆயிற்று. பத்து யூனிட்டுக்கு ரூ.305! கணக்கீட்டாளர் ஐந்து நாள் பிந்தி வந்தாலே இது நேர்ந்துவிடும். தேதி தவறாமல் தானே கணக்கை அனுப்பும் மீட்டரால் இந்த நஷ்டம் நீங்கும். தினம் ஒரு முறையாவது தூரத்திலிருந்து மீட்டரை வாசித்து அக்கணக்கை நுகர்வோரும் பார்க்கச் செய்யவேண்டும் என்று 2023 ஜூன் மாதத் திருத்த விதி கூறுவதால், 450 யூனிட் ஆனதும் வீட்டார் அறிந்து சிக்கனமாயிருக்கவும் கூடும். புதிய மீட்டரின் மெய்யான பிரயோஜனம் இதுவே.

அதே விதி மற்றொரு பயத்தையும் நீக்குகிறது. இணைப்பு வாங்கியபோது எழுதிக்கொடுத்த பளுவைவிட அதிகமாகக் குளிர்சாதனமும் மோட்டாரும் பல வீடுகளில் சேர்ந்துள்ளன. புதிய மீட்டர் உச்சப் பளுவைப் பதிவு செய்யும். ஆயினும் அந்தப் பதிவைக் காட்டி, மீட்டர் வைப்பதற்கு முந்தைய காலத்திற்கு அபராதம் போடலாகாது. ஒரு நிதி வருடத்தில் மூன்று முறையாவது பளு மீறினாலன்றி, அனுமதித்த பளுவை உயர்த்தவும் கூடாது.

இனி சுவிட்சின் விஷயம். முன்பணம் கட்டி, அது தீர்ந்தால் இணைப்பு தானே அறுந்துபோகும் முறையில் இம்மீட்டர்களை ஓட்டவேண்டும் என்பதே மத்திய சர்க்காரின் நோக்கம். 2003-ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு வேண்டுமென்கிறது. அச்சட்டத்தின் 47-வது பிரிவு 5-வது உட்பிரிவு, முன்பண மீட்டருக்கு இசைபவரிடம் காப்புத்தொகை கேட்கலாகாது என்று கூறுவதால், முன்பண முறை நுகர்வோரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று மின் பொறியாளர் சங்கங்களும் நுகர்வோர் தரப்பினரும் வாதிக்கிறார்கள். ஆனால் 2020-இல் வந்த நுகர்வோர் உரிமை விதிகளோ, முன்பண மீட்டரே பொதுவிதி, விலக்கு வேண்டின் மாநில ஒழுங்குமுறை ஆணையம் காரணங்காட்டி அனுமதிக்கலாம் என்கின்றன. சட்டத்தின் வாசகத்திற்கே விதி கட்டுப்பட்டது என்பது எமக்கு நியாயமாகத் தோன்றுகிறது. ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் சமயத்தில் விவசாய சங்கங்கள் இதனை எடுத்துரைக்கத் தவறலாகாது.

தவறு நேர்ந்தால் அது எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு உத்தரப் பிரதேசமே சாட்சி. 2020 ஆகஸ்டு 12-ந் தேதி, கோகுலாஷ்டமி நாளன்று, அலுவலகத்திலிருந்து சென்ற பிழையான கட்டளையொன்றினால் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் வீடுகளில் ஒரே சமயத்தில் மின்சாரம் நின்றது. மீட்டர் வைக்கும் வேலையையே அங்கு சிலகாலம் நிறுத்தவேண்டியதாயிற்று. நம் கரையோரத்தின் நிலைமையோ இன்னும் ஆலோசிக்கத்தக்கது. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயலில் கம்பங்கள் சாய்ந்து, கடலூர் ஜில்லாக் கிராமங்கள் பல நாட்கள் இருளில் இருந்தன. 2015 நவம்பர் வெள்ளமும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரியருகே கரை கடந்த பெஞ்சல் புயலும் கைப்பேசிக் கோபுரத்தை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு பாடம். மின்சாரம் திரும்பி வந்தும், கோபுரம் வேலைசெய்யாததால் பணம் கட்டமுடியாமல் வீடு இருண்டிருப்பின் யாரைக் கேட்பது? முன்பண முறையை ஏற்கும் இடத்திலும், இரவிலும் விடுமுறை நாளிலும் பேரிடர்க் காலத்திலும் துண்டிப்பு கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் பெறவேண்டும்.

கால்மணி, அரைமணிக்கு ஒரு முறை பதிவாகும் கணக்கிலிருந்து, வீட்டார் எப்போது எழுகிறார்கள், எந்த நாட்களில் ஊரில் இல்லை என்பதைக் கண்டுகொள்ளலாம் என்ற அச்சமும் உண்டு. இது வீண் பயமன்று. இக்காரணத்தினால் நெதர்லாந்து தேசத்தின் மேல்சபை 2009-இல் கட்டாய மீட்டர் மசோதாவை ஏற்க மறுத்தது. அக்கணக்கு யார் வசம் இருக்கும், பிறருக்குக் கொடுக்கப்படுமா என்று கேட்க நமக்கும் உரிமையுண்டு. 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் துணை. மீட்டரின் அலைகளால் தேகத்திற்குத் தீங்கு என்னும் பேச்சை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை. சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அதைவிட மிக அருகில் இருக்கிறது.

பம்புசெட்டுகளுக்கும் மீட்டர் வருமா என்பதே பல மிராசுதாரர்களின் உள்ளக் கேள்வி. யூனிட்டுக்கு ஒரு பைசாவைப்பற்றி எழுந்த கிளர்ச்சியில், 1970 ஜூனில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குக் குடியானவர்கள் உயிரிழந்ததை இந்நாடு மறக்கவில்லை. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், சில வருடங்களில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2021-ஆம் வருடத்து முன்பண மீட்டர்த் திட்டத்தில் விவசாய இணைப்புகள் தெளிவாக விலக்கப்பட்டுள்ளன. ஆயினும் அதற்கு முந்தைய வருடத்தில் ஆந்திரப் பிரதேசம் பம்புசெட்டுகளுக்கு மீட்டர் வைத்து மானியத்தை வங்கிக் கணக்கில் செலுத்த உத்தரவிட்டதால் ஐயம் தொடர்ந்தது. மீட்டர் இன்றி மின்சாரம் வழங்கலாகாது என்ற 55-வது பிரிவும் சட்டத்தில் இருந்து வருகிறது. வீட்டு மீட்டரைப் பம்புசெட்டு மீட்டரோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். ஆனால் பம்புசெட்டு இணைப்பிலிருந்து வீட்டிற்குக் கம்பி இழுத்திருப்பவர்கள் அதனை இப்போதே நீக்கிவிடுவது விவேகம். அக்கம்பி ஒன்றே இலவச இணைப்பின்மேல் நடவடிக்கைக்கு வழி திறந்துவிடும்.

மீட்டர் மாற்ற ஊழியர் வரும் நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருத்தல் அவசியம். பழைய மீட்டரின் கடைசி எண்ணையும், புதியதன் வரிசை எண்ணையும் தொடக்க எண்ணையும் கணக்கீட்டு அட்டையில் எழுதச்செய்து கையொப்பம் வாங்கி, இரண்டு மீட்டர்களையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளவேண்டும். பின்னர் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி எண்ணைப் பற்றியவையே. படிக்கத் தெரியாத வீட்டாருக்கு இதனை எழுதிக்கொடுப்பது கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

செலவுக்குப் பொருந்தாத கணக்கு வந்தால், 2024 பிப்ரவரியில் வந்த திருத்த விதிப்படி, முறையீடு பெற்ற 5 நாட்களுக்குள் அதே இணைப்பில் இரண்டாவது மீட்டர் ஒன்றை வைத்து, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அதிலும் திருப்தியில்லையேல் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திற்கும், அதன்மேல் சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளருக்கும் எழுதலாம். முறையீட்டை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதால் பயனில்லை. இரண்டு படியாக எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளவேண்டும். 5 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்தே தொடங்கும்.