செருப்பு சொன்ன சேதி

நம் சிநேகிதர் ஒருவர் 33 வருஷ காலம் ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் கோபித்துக் கொள்வார். ஆகையால் வாத்தியார் என்றே அழைப்போம். நடப்பதில் அவருக்கு இருந்த பிரியம் அபாரமானது. "பஸ்ஸில் ஏறினால் பத்தே நிமிஷத்தில் போய்விடலாமே!" என்று நாம் சொன்னால், "பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்து அங்கே என்ன ஐயா செய்வது?" என்று கேட்பார். திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் தூரத்தையும் வருஷத்தில் இரண்டு தடவையாவது வெறுங்காலுடன் நடந்து முடிப்பார். ஒரு தடவை நாமும் கூடப் போனோம். மூன்றாவது கிலோமீட்டரிலேயே ஒரு சோடாக் கடையில் உட்கார்ந்துவிட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் மாலை காய்கறிக் கடையிலிருந்து ஒற்றைச் செருப்புடன் வீடு திரும்பினார். கோயில் வாசலில் செருப்புத் தொலைவது உலக வழக்கம். ஆனால் காலில் போட்டிருக்கும் செருப்பு, போட்டிருப்பவருக்கே தெரியாமல் நடுத் தெருவில் கழன்று போவதுண்டோ? வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். ஏனெனில், அந்த வாரம் அவர் வெகு சந்தோஷமாயிருந்தார். இரண்டு மாதமாக இடுப்பில் புறப்பட்டுத் தொடை வழியே கணுக்கால் வரையில் மின்னலைப்போல் இறங்கிக் கொண்டிருந்த வலி, திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தது. நொச்சி இலை ஒத்தடம் பலித்துவிட்டது என்று அவருடைய மனைவியார் அண்டை வீட்டாருக்கெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தார்.

பலித்தது ஒத்தடமல்ல. நசுங்கிக் கிடந்த நரம்பு, வலிக்கிறதென்று சொல்லும் சக்தியையும் இழந்து கொண்டிருந்தது. வலி குறைவது குணம் ஏற்படுவதாலும் இருக்கலாம். நரம்பு ஓய்ந்து போவதாலும் இருக்கலாம். வாத்தியார் விஷயத்தில் எது நடந்தது என்பதைச் சொன்னது அந்தச் செருப்புத்தான். பாதத்தை மேலே தூக்கும் வலிமையும், பெருவிரலை நிமிர்த்தும் வலிமையும் வலது காலில் குன்றிவிட்டன. இதை வீட்டார் உணர்ந்து டாக்டரிடம் போவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தை முன்னிட்டே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நமது முதுகெலும்பு 33 கணுக்களால் ஆனது. அடியிலுள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப் போனவை. மேலேயுள்ள 24 கணுக்கள் அசையக் கூடியவை. அசையும் கணுக்களுக்கு நடுவே, கழுத்தின் உச்சியிலுள்ள முதலிரண்டைத் தவிர, மெத்தை போன்ற வட்டுக்கள் இருக்கின்றன. டாக்டர்கள் 'டிஸ்க்' என்று சொல்வது இதைத்தான். வெளியே உறுதியான நார் வளையம். உள்ளே பாகு போன்ற வஸ்து. வளையம் கிழிந்து பாகு பின்புறமாகப் பிதுங்கினால், பக்கத்தில் செல்லும் நரம்பின் வேரை அது நெருக்குகிறது. கீழ் இடுப்பில் இப்படி நேர்ந்தால் வலி காலுக்குப் பாய்கிறது. இடம் இடுப்பு, கூக்குரல் காலில்!

இந்த உண்மை உலகத்துக்குத் தெளிவானது 1934-ஆம் வருஷத்தில்தான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரண்டு டாக்டர்கள் அவ்வருஷம் ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அதுவரையில் வேறு ஏதோ கட்டியென்று எண்ணி வெட்டியெடுக்கப்பட்டவற்றில் பல, உண்மையில் பிதுங்கிய வட்டின் துண்டுகளே என்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகு இந்த ரணசிகிச்சை பூலோகமெங்கும் பரவியது. முற்காலத்தில் பெரிய காயமும், வாரக் கணக்கில் படுக்கையும் தவிர்க்க முடியாதவையாயிருந்தன. இப்போதோ பூதக்கண்ணாடிக் கருவியின் உதவியால் சிறு கீறலுடன் காரியம் முடிந்து விடுகிறது. அன்று மாலையோ, மறுநாள் காலையோ நோயாளியை எழுப்பி நிற்க வைத்துவிடுகிறார்கள்.

வாத்தியாரையும் மறுநாளே எழுப்பினார்கள். ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருக்க வேண்டும். மல்லாந்த நிலையிலிருந்து நேரே நிமிரலாகாது என்று நர்ஸம்மாள் சொல்லிக் கொடுத்தாள். எழுந்தார், நின்றார், காலில் வலி துளியும் இல்லை. நாம் பார்க்கப் போயிருந்தபோது, "பார்த்தீரா! தைமாதமே கிரிவலம்!" என்றார்.

நான்காம் நாள் வீடு வந்ததும் விஷயம் வேறாயிற்று. முன்பெல்லாம் தெருக்கோடியில் அவர் வரும்போதே காலடி ஓசையைக் கொண்டு மனைவியார் காப்பிக்குப் பால் வைத்துவிடுவார். இப்போது கூடத்தில் கேட்ட ஓசையோ இடது கால் மெள்ளப் பதிய, வலது கால் 'டப்' என்று தரையில் அறையும் ஓசை. பாதம் தொங்குவதால், அது தரையில் தட்டாதிருக்க முழங்காலை வழக்கத்தைவிட உயர்த்தி நடந்தார். "ஆபரேஷன் கெட்டுப் போய்விட்டதோ?" என்று அந்த அம்மாள் நம்மிடம் இரகசியமாய்க் கேட்டார். அதையே வாத்தியாரும் மனத்துக்குள் கேட்டுக் கொண்டிருந்தார் போலும். பட்டப்பகலில் வாசல் திண்ணைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஆபரேஷன் கெட்டுப் போகவில்லை. கத்தியின் வேலை, நரம்பை நெருக்கிய வஸ்துவை அகற்றுவது. நெருக்குண்ட நரம்பைப் பிழைப்பிப்பது கத்தியால் ஆகிற காரியமன்று. அதற்குக் காலம் வேண்டும். வலி பெரும்பாலும் முதலில் விடைபெறுகிறது. வலிமை பின்னால் வருகிறது. மரத்துப் போன உணர்ச்சி எல்லாவற்றிற்கும் கடைசியில், சில சமயம் குறையாகவே, திரும்புகிறது. நரம்பின் இழை வெறுமனே மயங்கிக் கிடந்தால் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். இழையே அற்றுப் போயிருந்தால், அது மறுபடி வளர்ந்து வர வேண்டும். அந்த வளர்ச்சியின் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கீழ் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழேயுள்ள தசைக்கு எவ்வளவு தூரம் என்று நேயர்களே அளந்து பார்த்துக் கொள்ளலாம். தபால் ரன்னர் நத்தையின் மேல் ஏறி வருகிற மாதிரிதான். அதற்குள் தசை மெலிந்துவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். எத்தனை நாள் நரம்பு நசுங்கிக் கிடந்தது என்பதும், எவ்வளவு பலவீனத்துடன் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதும் முடிவைப் பாதிக்கின்றன. மூன்று வாரம் நொச்சி இலையுடன் போனதைப் பற்றி அந்த அம்மாளிடம் நாம் வாய் திறக்கவில்லை.

இது தவிர, பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் வலிக்குப் பயந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, குட்டை அடி வைத்து நடந்தவருக்கு, வலி போன பின்னும் உடம்பு அதே நடையை நடக்கிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் அடியை இன்னும் குறுக்குகிறது. இதைத் திருத்துவதற்கென்றே படித்தவர்கள் பிஸியோதெரபிஸ்டுகள். வாத்தியார் வீட்டுக்கு வந்தது இருபத்தைந்து வயதுப் பெண். குதிகாலை முதலில் வைக்கச் சொன்னாள். நிலைக்கண்ணாடி முன்னால் நடக்கச் சொன்னாள். பாதத்தை ஒரு பட்டையால் இழுக்கச் சொன்னாள். தினம் எத்தனை அடி நடந்தார் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் காட்ட வேண்டும் என்றாள். 33 வருஷம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தைத் திருத்தியவர், "ஹோம் ஒர்க் செய்யவில்லையா?" என்று கேட்கப்பட்டபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பாதம் தொங்காமல் பிடிப்பதற்குப் பிளாஸ்டிக் அணை ஒன்றும் கொடுத்தார்கள். பூட்ஸுக்குள் போட்டுக் கொள்வதற்குத் தோதாகச் செய்யப்பட்டது அது. நம் வீடுகளில் பூட்ஸுடன் உள்ளே வருவாருண்டோ? மொழமொழவென்றிருக்கும் தரையில் வெறும் அணையுடன் நடந்தால் வழுக்கும். முதல் வாரமே அது பரணுக்குப் போய்விட்டது. செயற்கைக் கால் விஷயத்தில் இந்தக் கஷ்டத்தை 1968-இல் ஜெய்ப்பூரில் ராமசந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் உணர்ந்து, வெறுங்காலுடன் நடப்பதற்கேற்ற பாதத்தைச் செய்தார்கள். பிறகு அந்தப் பெண்ணே, குதிகாலில் வார் வைத்த ரப்பர் அடிச் செருப்பொன்றை வீட்டுக்குள் போட்டுக் கொள்ளச் சொல்லி, அணையைப் பரணிலிருந்து இறக்கினாள். மடிப் பார்க்கும் மாமியார் ஒருவர் வீட்டில் இருந்தார். ஒரு நாள் விவாதத்துக்குப் பிறகு, சமையலறை வாசற்படியோடு செருப்பு நிற்பது என்று ராஜி ஏற்பட்டது.

வீட்டாருடைய அன்பைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரென்றால் தண்ணீர், பத்திரிகையென்றால் பத்திரிகை, எல்லாம் கட்டிலுக்கே வந்து கொண்டிருந்தன. டாக்டரோ குனிந்து பாரம் தூக்காதே, வெகு நேரம் உட்காராதே என்றுதான் சொன்னாரேயன்றி, நடக்காதே என்று சொல்லவில்லை. சற்றைக்கொருதரம் சிறு நடை நடப்பதே மருந்தாயிருந்தது. ஒரு நாள் அந்தப் பெண் தண்ணீர்க் கூஜாவைக் கூடத்தின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனாள். வாத்தியாரின் தாயார் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றார்.

எல்லா முதுகு ஆபரேஷனும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். வயதானவர்களுக்கு நரம்பு செல்லும் பாதையே சுற்றிலும் தடித்துக் குறுகிப் போவதுண்டு. ஹாலந்து தேசத்து வெர்பீஸ்ட் என்னும் டாக்டர் 1954-இல் இதை விரிவாக எழுதினார். இவர்கள் நூறு கஜம் நடந்தால் இரண்டு காலும் கனத்துப் போகும். குனிந்து உட்கார்ந்தால் தெளியும். நடக்க முடியாதவர் சைக்கிளில் மைல் கணக்கில் போவார்! குனிந்த நிலையில் பாதை சற்று அகல்வதே காரணம். இவர்களுக்குப் பாதையை அகலப்படுத்தும் சிகிச்சை செய்தால் நடக்கும் தூரம் பெரும்பாலும் நீளுகிறது. கணுக்களைத் திருகாணியும் கம்பியும் கொண்டு பிணைக்கும் சிகிச்சையில், பிணைத்த இடம் வளையாது. சம்மணமிட்டு உட்காருவது, குனிந்து கோலம் போடுவது முதலியவற்றை எப்போது, எவ்வளவு செய்யலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கழுத்தில் நேரும் கோளாறு இவை இரண்டையும்விடக் கடினமானது. தண்டுவடம் இடுப்பு வரையில் வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புக் கணுக்களில் முதலாவது அல்லது இரண்டாவதோடு முடிந்து, அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் போல் தொங்குகின்றன. வாத்தியாருக்கு நசுங்கியது அந்த வாலில் ஓர் இழை. கழுத்திலோ நெருக்கப்படுவது தண்டுவடமே. கால்கள் விறைத்து, அகன்று பதியும், இருட்டில் தள்ளாடும், முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு சாயும். சட்டைப் பித்தானைப் போட விரல் ஒத்துழைக்காது. இதை "வயசாகிவிட்டது" என்று தள்ளிவிடுகிறார்கள். இங்கே சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் காப்பது. இழந்தது எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் போனார்கள் என்பதைப் பொறுத்தது. இன்னொன்று: முதுகு வலியுடன் சிறுநீர் அடைத்துக் கொண்டாலோ, ஆசனப் பகுதி மரத்துப் போனாலோ, இரண்டு காலும் ஒருங்கே தளர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தண்டுவடம் அடியோடு சேதமானால் எந்தக் கத்தியும் நடையைத் திருப்பித் தர முடிவதில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராயிருந்த மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் நேர்ந்த மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் முடங்கிய கைகளுக்கு ரணசிகிச்சை செய்யக் கற்றார். அயல் நாடு சென்று புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் அவர் தலைமையில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தங்கிச் சிகிச்சை பெறும் அத்தகைய நிலையங்களில் நம் தேசத்துக்கு அது முன்னோடி. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாவுவதும், நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போவதும் ஒருவகை நடையே என்று அங்கே கற்றுக் கொடுத்தார்கள். இந்த வரலாற்றை நாம் ஒரு நாள் வாத்தியாரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டோம்.

ஆபரேஷன் ஆகி இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. பாதம் முக்கால்வாசி தூக்குகிறது. காலையில் நடையில் வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் களைத்துப் போனால் பழைய 'டப்' கேட்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இன்னும் மரப்பு இருக்கிறது. குதிகாலில் வார் வைத்த செருப்பில்தான் வெளியே போகிறார். தினம் வாசகசாலை வரையில் போய்த் திரும்புகிறார். "முன்னே ஒரே தாளம், இப்போது மிச்ர சாபு. தெருமுனையிலேயே தெரிந்துவிடுகிறது" என்று அவருடைய மனைவியார் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னார்.

கிரிவலத்துக்கு டாக்டர் இன்னும் முழு அநுமதி கொடுக்கவில்லை. வருகிற கார்த்திகையில், நாம் முன்பு உட்கார்ந்த அந்தச் சோடாக் கடை வரையில் போகலாமென்று உத்தரவாகியிருக்கிறது. வாத்தியார் நம்மைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அந்தக் கடைப் பலகையில் இருவர் தாராளமாய் உட்காரலாம்.