ஒரே படம்தானா? கணினிக்கு எப்படித் தெரிகிறது?

அறுபதாம் கல்யாணப் படங்கள் பழைய லேப்டாப், பென் டிரைவ், இரண்டு ஹார்டு டிஸ்க் என்று நாலு இடத்தில் கிடக்கின்றன. எது நகல்? பெயரை நம்ப முடியாது. பல கேமராக்கள் 9999-ஐத் தாண்டியதும் மறுபடி 0001-லிருந்து எண்ணத் தொடங்கும். வெவ்வேறு படங்களுக்கு ஒரே பெயர் வந்துவிடும்.

நகல் தேடும் மென்பொருள் முதலில் கோப்பின் அளவைப் பார்க்கும். பைட் கணக்கு ஒத்துப்போனால் மட்டும் எஸ்.எச்.ஏ-256 போன்ற முறையால் 64 எழுத்துகளில் ஒரு கைரேகை எடுக்கும். ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்து சேரும் படம் கண்ணுக்கு அதே படம்தான். ஆனால் சுருக்கப்பட்டு, எடுத்த தேதியும் இடமும் கழன்றுபோன வேறு கோப்பு. கைரேகை இதைப் பிடிக்காது.

அதற்கு அழகான ஒரு வழி உண்டு. படத்தை 9×8 புள்ளிகளாகச் சுருக்கி, நிறத்தை நீக்கி, பக்கத்துப் புள்ளியைவிட இது வெளிச்சமா, இருட்டா என்று 64 முறை ஒப்பிடுவார்கள். பதில்கள் ஏறக்குறைய ஒத்தால் ஒரே காட்சி. ஆனால் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களும் இதில் ஒன்றாகிவிடும். ஒன்றில் தாத்தா கண் மூடியிருப்பார், மற்றதில் சிரிப்பார். இப்படி ஒத்ததாக வரும் படங்களின் பட்டியலை நீங்களே பார்த்து முடிவெடுங்கள். அழிக்கும் முன், எல்லாவற்றையும் தனி டிஸ்க் ஒன்றில் முழுதாக நகலெடுத்து வையுங்கள்.